ஏழு வருடமா, எட்டு வருடமா? பி.எஸ்./எம்.டி. கடிதம் கைக்கு வந்த பிறகு

நியூஜெர்சியில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. கையில் மூன்று அனுமதிக் கடிதங்கள். ஒன்று, மாநிலக் கல்லூரியும் மாநில மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து நடத்தும் ஏழு வருட பி.எஸ்./எம்.டி., அதாவது பட்டப்படிப்புக்கும் மருத்துவத்துக்கும் சேர்த்து ஒரே அனுமதி; பாதிக்கு மேல் ஸ்காலர்ஷிப் உண்டு. இரண்டாவது, ஒரு பெரிய தனியார் பல்கலைக்கழகத்தின் எட்டு வருடத் திட்டம். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் எழுத வேண்டாம், ஆனால் பண உதவி ஒரு டாலர்கூட இல்லை. மூன்றாவது, பெயர் சொன்னால் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பல்கலைக்கழகத்தில் சாதாரண அட்மிஷன். மருத்துவக் கல்லூரிக்குப் பின்னால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அப்பா முதலாவது என்கிறார். மகள் இரண்டாவது என்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் மூன்றாவது. மே 1க்குள் பதில் சொல்ல வேண்டும். "எங்கள் வீட்டில் டாக்டர் யாருமே இல்லை, யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை" என்று முடித்திருக்கிறார்.

முதலில் மகளுக்கு என் வாழ்த்துகள். அடுத்து, நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்து, தொண்ணூறுகளில் ரெசிடென்சிக்காக, அதாவது மருத்துவமனையில் சிறப்புத் துறைப் பயிற்சிக்காக, அமெரிக்கா வந்த குழந்தை மருத்துவர். ஒஹாயோவில் வேலை. இந்த மாதிரிக் கூட்டுத் திட்டம் ஒன்றின் நேர்காணல் குழுவில் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். என் மூத்த பையன் ஏழு வருடத் திட்டம் ஒன்றில் சேர்ந்து, இரண்டாம் வருடம் வெளியே வந்துவிட்டான். இளையவள் எந்தத் திட்டமும் இல்லாமல் சாதாரண வழியில் போய் இப்போது ஃபேமிலி மெடிசின் ரெசிடென்ட். மேஜையின் எல்லாப் பக்கத்திலும் உட்கார்ந்தவன் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிளஸ் டூ, கட் ஆஃப், மெடிக்கல் சீட் என்ற வரிசையில் வளர்ந்தவர்கள் நாம். பதினெட்டு வயதில் சீட் கிடைத்தால் ஐந்தரை வருடத்தில் டாக்டர். அதனால் பி.எஸ்./எம்.டி. என்றதும் "ஆ, இதுதான் இந்த ஊர் எம்.பி.பி.எஸ்." என்று மனசுக்குள் மணி அடிக்கிறது. அப்படியில்லை. இங்கே மருத்துவம் என்பது பட்டம் வாங்கிய பிறகு படிக்கும் படிப்பு. நாலு வருடம் பட்டம், நாலு வருடம் எம்.டி. (இங்கே அதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்), அதற்குப் பிறகு மூன்றிலிருந்து ஏழு வருடம் ரெசிடென்சி. கூட்டுத் திட்டம் என்பது அந்த முதல் எட்டு வருடத்துக்கு முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் ஒரு ஒப்பந்தம். ஒப்பந்தம் என்றால் இரண்டு பக்கத்துக்கும் ஏதோ வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். உங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியும். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

அது தெரிய, இந்தத் திட்டங்கள் எதற்காகத் தொடங்கப்பட்டன என்று பாருங்கள். கன்சாஸ் சிட்டியில் இருக்கும் மிசௌரி பல்கலைக்கழகம் 1971ல் தொடங்கிய ஆறு வருடத் திட்டத்தின் யோசனையே, மாணவனை முதல் வருடத்திலிருந்தே மருத்துவமனைக்குள் நடமாட விடுவதுதான். நியூயார்க் ஹார்லெமில் சிட்டி கல்லூரியின் சோஃபி டேவிஸ் திட்டம் 1973ல் வந்தது. டாக்டர் கிடைக்காத நகர்ப்புற ஏழைப் பகுதிகளுக்கு ஆள் வேண்டும் என்பது அதன் நோக்கம். அதே 1973ல் எங்கள் ஒஹாயோவின் வடகிழக்கில் மூன்று அரசுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு மருத்துவக் கல்லூரியை உண்டாக்கின. உள்ளூரிலேயே தங்கும் பொது மருத்துவர்கள் தேவைப்பட்டார்கள். நியூ மெக்ஸிகோ 2006ல் தொடங்கியபோது வருடத்துக்கு 28 பேர் என்று வைத்துக்கொண்டது, சின்ன ஊர்களுக்குத் திரும்பிப் போகக்கூடிய பிள்ளைகளாகப் பார்த்து. பிரவுன் பல்கலைக்கழகத்தின் பி.எல்.எம்.இ. திட்டம் வேறு சாதி. ஐவி லீக் என்ற பேர்பெற்ற பழைய பல்கலைக்கழகங்களில் இந்த வகைத் திட்டம் அது ஒன்றுதான். டாக்டராகப் போகிறவன் பட்டப்படிப்பில் தத்துவமோ நாடகமோ நிம்மதியாகப் படிக்கட்டும் என்பதே அதன் எண்ணம்.

சோஃபி டேவிஸ் ஆட்களிடம் போய் "நான் டெர்மடாலஜிதான் (தோல் மருத்துவம்) பண்ணுவேன்" என்று சொல்வதும், பிரவுனில் போய் "எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம்?" என்று கேட்பதும், கல்யாண வீட்டில் சாப்பாடு எப்போது என்று முதல் கேள்வியாகக் கேட்பது மாதிரி. உங்களுடைய இரண்டு கல்லூரிகளின் பக்கத்திலும் "எங்கள் நோக்கம்" என்று ஒரு பத்தி இருக்கும். எல்லோரும் தாண்டிப் போகும் பத்தி அது. மகளை உட்கார்த்தி அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இந்தத் திட்டங்கள் நிரந்தரமானவை இல்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1961ல் தொடங்கிய, பேர்பெற்ற ஒரு திட்டம், சில வருடங்களுக்கு முன் புதிய மாணவர்களைச் சேர்ப்பதையே நிறுத்திக்கொண்டது. ஆகவே உங்கள் மகளுக்கு வந்த கடிதத்தில் இருப்பதுதான் அவளுக்கான விதி. நாலு வருடத்துக்கு முன் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பையன் சொல்வது விதி இல்லை.

சரி, கடிதத்துக்கு வருவோம்.

என் பையனுக்கு வந்த கடிதத்தை அன்று இரவு சமையலறை மேஜையில் வைத்து நான்கு பேரும் படித்தோம். படித்தோம் என்றா சொன்னேன்? முதல் பத்தியைப் படித்தோம், பிறகு மைசூர்பாகு சாப்பிட்டோம். மூன்றாம் பக்கத்தில் இருந்த வரிகளை ஒன்றரை வருடம் கழித்துத்தான் மஞ்சள் ஹைலைட்டரோடு படித்தேன். மொத்த ஜி.பி.ஏ., அதாவது நாலுக்கு இத்தனை என்று போடும் மதிப்பெண் சராசரி, 3.5க்குக் குறையக் கூடாது. அறிவியல் பாடங்களின் ஜி.பி.ஏ. தனியாக 3.5க்குக் குறையக் கூடாது. எந்த அறிவியல் பாடத்திலும் சி வாங்கினால் மறுபரிசீலனை. மருத்துவத்துக்குக் கட்டாயமான முன்தேவைப் பாடங்களை வேறு கல்லூரியில் கோடை வகுப்பாக எடுக்கக் கூடாது. வேறு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் இங்கே இருக்கும் இடம் தானாக ரத்து.

ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் பி மைனஸ், ஃபிசிக்ஸில் பி. அறிவியல் ஜி.பி.ஏ. 3.44. வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அடுத்த செமஸ்டரில் 3.5க்கு ஏற்றிவிட்டான். ராத்திரி பதினோரு மணிக்கு போன். "அப்பா, மார்க் வந்துடுச்சு. சீட் பத்திரம். ஆனா எனக்கு இது வேண்டாம்பா." அந்த செமஸ்டரில் சும்மா எடுத்த ஒரு நிலவியல் பாடம் அவனைப் பிடித்துக்கொண்டது. ஆறு, நிலத்தடி நீர், பாறை என்று பேச ஆரம்பித்தான். எனக்குக் கோபம் வந்தது, அது என் தப்பு. ஆனால் நிஜமான பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. மருத்துவக் கல்லூரியோடு ஒப்பந்தம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நாங்கள் தேர்ந்தெடுத்த அந்தக் கல்லூரியில் நிலவியல் துறையே கிடையாது. அந்த ஒரு பாடத்தை வெளியிலிருந்து வந்த ஒருவர் நடத்திக்கொண்டிருந்தார். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினான். பாதி கிரெடிட் போயிற்று, ஸ்காலர்ஷிப் போயிற்று, ஒரு வருடம் கூடுதல். இப்போது நன்றாக இருக்கிறான், கிணறுகளைப் பற்றி என்னிடம் மணிக்கணக்கில் பேசுகிறான்.

அதிலிருந்து நான் இந்தத் திட்டங்களை ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன். இரண்டாம் வருடத்தில் மனசு மாறினால், அல்லது ஜி.பி.ஏ. 0.1 குறைந்தால், பிள்ளை எங்கே நிற்கும்? நல்ல பல்கலைக்கழகத்தில் நல்ல வேறு துறைக்குள் நிற்குமா, கடன் சுமையோடு நடுத்தெருவில் நிற்குமா? உள்ளே போவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பதினேழு வயதுப் பிள்ளை இருபது வயதில் யாராக இருக்கும் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

"ஆனால் டாக்டர், உத்தரவாதம் இருக்கிறதே" என்று கேட்பீர்கள். அந்த உத்தரவாதத்தின் மதிப்பைக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். அமெரிக்க எம்.டி. கல்லூரிகளுக்கு வருடத்துக்குச் சுமார் 52,000 பேர் விண்ணப்பிக்கிறார்கள், சுமார் 23,000 பேர் சேர்கிறார்கள். ஐந்தில் இரண்டு பேருக்கு மேல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 52,000 பேரே வடிகட்டி மிஞ்சியவர்கள். முதல் வருடம் "பிரீமெட்" (மருத்துவத்துக்குத் தயாராகிறவர்) என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களில் பலர் கெமிஸ்ட்ரியிலேயே இறங்கிவிடுகிறார்கள். சேர்கிறவர்களின் சராசரி ஜி.பி.ஏ. 3.7க்கு நல்ல மேலே, எம்கேட் சராசரி 511ஐ ஒட்டி. அந்தத் தேர்வு 472ல் தொடங்கி 528ல் முடியும், நடுப்புள்ளி 500.

இதில் உங்கள் மகள் எங்கே வருவாள்? இரண்டு கூட்டுத் திட்டங்கள் தேர்ந்தெடுத்த பிள்ளை. சாதாரண வழியிலும் பெரும்பாலும் உள்ளே போய்விடுவாள் என்பதே என் ஊகம். அப்படியானால் இந்தத் திட்டம் அவளுக்குத் தருவது சீட்டைவிட அதிகமாகத் தூக்கம். என் இளைய மகள் பட்டத்துக்குப் பிறகு இரண்டு வருடம் மருத்துவமனையில் டாக்டர்களுக்குக் குறிப்பெடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரைப் வேலை பார்த்தாள். 24 கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். ஒவ்வொன்றும் திருப்பி அனுப்பும் கட்டுரைக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். ஜூலை மாதம் முழுக்க எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. கடைசியில் இரண்டு இடத்திலிருந்து அழைப்பு வந்தது. இப்போதெல்லாம் பட்டம் முடித்த கையோடு மருத்துவக் கல்லூரிக்குள் போகிறவர்கள்தான் குறைவு. ஒன்றிரண்டு வருட இடைவெளி சகஜமாகிவிட்டது. அந்தப் பதற்றத்திலிருந்து தப்பிப்பதற்கு விலை உண்டு. எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பதுதான் பேச்சு.

விலை என்றதும் பணம். இதில்தான் பெற்றோர்கள் கண்ணைக் கட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் எழுதிய எண்களை வைத்துப் பார்த்தேன். ஏழு வருடத் திட்டத்தில் ஸ்காலர்ஷிப் போக வருடம் 20,000 டாலர், மூன்று வருடத்துக்கு 60,000. மாநில மருத்துவக் கல்லூரியில் தங்குவது, சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடம் 70,000 என்று வைத்தால் நான்கு வருடத்துக்கு 2.8 லட்சம். மொத்தம் 3.4 லட்சம் டாலர். எட்டு வருடத் திட்டத்தில் பட்டப்படிப்பே வருடம் 92,000 என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு வருடத்துக்கு 3.7 லட்சத்தை நெருங்குகிறது. பிறகு தனியார் மருத்துவக் கல்லூரி, வருடம் 95,000 என்றாலும் 3.8 லட்சம். மொத்தம் 7.5 லட்சம். விலைவாசி ஏற்றத்தை நான் சேர்க்கவே இல்லை. வித்தியாசம் நான்கு லட்சம் டாலர். இருவரும் ஐ.டி.யில் வேலை பார்க்கும் நம் குடும்பங்கள் பண உதவிப் படிவத்தில் பணக்காரர்கள், வங்கிக் கணக்கில் அப்படியில்லை. உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முன்பு ஒரு சமாதானம் இருந்தது. மருத்துவப் படிப்புக்கு எவ்வளவு செலவானாலும் மத்திய அரசு கிராட் பிளஸ் என்ற கடனாகக் கொடுத்துவிடும், டாக்டரான பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று. அந்தக் கதவு மூடுகிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் பிளஸ் கிடையாது. மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்கு வருடம் 50,000, மொத்தம் 2 லட்சம் டாலர், அவ்வளவுதான் உச்சவரம்பு. பட்டப்படிப்புக்குப் பெற்றோர் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடனுக்கும் ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000 என்று வரம்பு வந்துவிட்டது. உங்கள் மகள் மருத்துவக் கல்லூரிக்குள் நுழையும்போது இந்த விதிதான் இருக்கும் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

அப்படிப் பார்த்தால் முதல் திட்டத்தில் மருத்துவப் பகுதியின் 2.8 லட்சத்தில் 2 லட்சம் அரசுக் கடன். மிச்சம் 80,000, பட்டப்படிப்பின் 60,000, ஆக 1.4 லட்சம் உங்கள் கையிலிருந்து, ஏழு வருடத்தில். முடியக்கூடிய விஷயம். இரண்டாவதில் அதே 2 லட்சம் போக 5.5 லட்சம் உங்களிடமிருந்தோ தனியார் வங்கியிடமிருந்தோ வர வேண்டும். தனியார் கடனுக்குக் கையெழுத்துப் போடப் போவது நீங்கள். ரெசிடென்சி சம்பளம் 60,000, 70,000 டாலர் அளவில்தான், வட்டி அதற்காகக் காத்திருக்காது.

இதே பணக் கணக்கில் மூன்றாவது வழிக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கிராஸ்மன் மருத்துவக் கல்லூரி 2018 முதல் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி 2024ல் கிடைத்த நூறு கோடி டாலர் நன்கொடைக்குப் பிறகு அதே பாதைக்கு வந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வருட வருமானம் 3 லட்சம் டாலருக்குக் குறைவான குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. கூட்டுத் திட்டத்தில் கட்டுப்பட்ட பிள்ளை இங்கெல்லாம் விண்ணப்பிக்க முடியாமல் போகலாம். ஆனால் இந்த மூன்று இடங்களிலும் போட்டி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதை நம்பி வீட்டு பட்ஜெட் போடக் கூடாது. லாட்டரிச் சீட்டை சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம், அதை வைத்து வாடகை கட்ட முடியாது.

விசா பற்றி ஒரு பத்தி. மகள் இங்கே பிறந்தவளா, உங்கள் கிரீன் கார்டு எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். மகள் எச்-4 விசாவில் இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பாருங்கள். இருபத்தொன்று ஆனதும் பெற்றோரைச் சார்ந்த அந்த விசா முடிந்துவிடும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கான கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்பது தெரிந்ததே. ஏழு வருடத் திட்டத்தில் எம்.டி.யில் காலெடுத்து வைக்கும் வயதும் கிட்டத்தட்ட இருபத்தொன்றுதான். பல திட்டங்கள் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் மட்டுமே எடுக்கின்றன. வெளிநாட்டு மாணவராகிவிட்டால் மத்திய அரசுக் கடன் கிடையாது. சில மருத்துவக் கல்லூரிகள் நான்கு வருடக் கட்டணத்தையும் முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டு வைக்கச் சொல்கின்றன. "சேரும்போது இருக்கும் நிலை போதுமா, எம்.டி. தொடங்கும்போதும் அதே நிலை வேண்டுமா?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசுவதற்கு ஆகும் செலவு இதில் ஒன்றுமே இல்லை.

அடுத்து, வருடக் கணக்கு. ஆறு, ஏழு, எட்டு. ஒரு வருடம் மிச்சம் என்றால் ஒரு வருடக் கட்டணம் மிச்சம், கடைசியில் ஒரு வருடம் முன்னதாக முழுச் சம்பளம். சின்னத் தொகை இல்லை. ஆனால் அந்த ஒரு வருடம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கோடை விடுமுறையிலிருந்தும், பிடித்ததைப் படிக்கும் பாடங்களிலிருந்தும் வெட்டி எடுக்கப்படுகிறது. இருபத்தொரு வயதில் உடற்கூறு மேஜை முன் நிற்பதா என்றால், மதுரையில் நாங்கள் பதினெட்டிலேயே நின்றோம் என்று பதில் சொல்லலாம். நின்றோம்தான். ஆனால் எங்களோடு நின்ற எல்லோரும் எங்கள் வயது. இங்கே பக்கத்தில் நிற்பவருக்கு இருபத்து நாலு, இருபத்தைந்து இருக்கும். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர், ஆசிரியராக இருந்துவிட்டு வந்தவர் இருப்பார். சில பிள்ளைகள் இதில் நன்றாக வளர்கிறார்கள், சிலர் சுருங்கிவிடுகிறார்கள். உங்கள் மகள் எந்த வகை என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மருத்துவக் கல்லூரியின் பெயர் முக்கியமா என்று கேட்டிருந்தீர்கள். குழந்தை மருத்துவம், பொது மருத்துவம், ஃபேமிலி மெடிசின் என்றால் பெரிதாக இல்லை. நரம்பு அறுவை, எலும்பு, தோல் என்றால் ஓரளவு உண்டு. அதுவும் டாக்டர் உரிமத்துக்கான யு.எஸ்.எம்.எல்.ஈ.யின் முதல் கட்டத் தேர்வு 2022 ஜனவரியிலிருந்து வெறும் பாஸ், ஃபெயில் ஆகிவிட்டது. முன்பெல்லாம் சின்னக் கல்லூரிப் பிள்ளை அதில் பெரிய மதிப்பெண் வாங்கிக் காட்டி மேலே வர முடிந்தது, அந்த ஏணி போய்விட்டது. இப்போது இரண்டாம் கட்டத் தேர்வும் ஆராய்ச்சியும் தெரிந்த பேராசிரியரின் கடிதமும் அதிகமாகப் பேசுகின்றன. ஆகவே நான் ஒன்று பார்ப்பேன். அந்த மருத்துவக் கல்லூரியின் சொந்த மருத்துவமனையில் எத்தனை துறைகளில் ரெசிடென்சி நடக்கிறது? தோல் மருத்துவத் துறையே இல்லாத கல்லூரியிலிருந்து தோல் மருத்துவராவது முடியாத காரியமில்லை, ஆனால் முதல் நாளிலிருந்து வெளியூரில் கதவைத் தட்ட வேண்டியிருக்கும்.

எம்.டி.க்குப் பதிலாக டி.ஓ. என்ற ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் தரும் கல்லூரிகளோடு சேர்ந்த திட்டங்களைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு முகச்சுளிப்பு உண்டு. என் கிளினிக்கில் என் பக்கத்து அறையில் இருக்கும் டாக்டர் ஒரு டி.ஓ.தான். பாதி நோயாளிகள் அவரிடம்தான் போகிறார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை. 2020லிருந்து இரண்டு வகைக்கும் ரெசிடென்சி அங்கீகாரம் ஒன்றே. கடைசி வருட மாணவர்களுக்கு ரெசிடென்சி கிடைக்கும் விகிதமும் இரண்டிலும் 90 சதவீதத்துக்கு மேல். உங்களுக்கு வந்த இரண்டும் எம்.டி. என்பதால் இதோடு விடுகிறேன்.

மூன்றாவது கடிதத்தைப் பற்றி உங்கள் கணவருக்கு ஒரு தகவல். சாதாரண அட்மிஷன் என்றால் நாலு வருடமும் அந்தரத்தில் தொங்க வேண்டும் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. கல்லூரியின் இரண்டாம் வருடத்திலேயே மருத்துவக் கல்லூரி இடத்தை உறுதி செய்துகொள்ளும் திட்டங்கள் உண்டு. நியூயார்க்கின் மவுன்ட் சைனாய் நடத்தும் ஃப்ளெக்ஸ்மெட் அப்படிப்பட்டது, எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடம் படிப்பவரும் விண்ணப்பிக்கலாம், எம்கேட் வேண்டாம். எளிதில்லைதான். ஆனால் பதினேழு வயதில் தவறவிட்டால் எல்லாம் போயிற்று என்பது உண்மையில்லை.

இனி மகள். அவளைப் பற்றி உங்கள் கேள்வியில் இரண்டே வரி இருந்தது: கணக்கு ரொம்பப் பிடிக்கும், புள்ளியியலில் ஒரு பிராஜெக்ட் செய்திருக்கிறாள்; டாக்டராகவும் ஆசை. எட்டு வருடத் திட்டத்தை அவள் கேட்பதற்குக் காரணம் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்கை விட மனசில்லாமல் கேட்கிறாள் என்று தோன்றுகிறது. கேட்டுப் பாருங்கள்.

நேர்காணலில் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நோயாளிக்குப் பக்கத்தில் உனக்கு அலுப்பாக இருந்த ஒரு நாளைச் சொல்." டை கட்டிக்கொண்டு வந்த ஒரு பையன், அலுப்பே வந்ததில்லை என்றான். அவன் எழுதியிருந்த நானூறு மணி நேரத்தில் ஒரு மணி நேரம்கூட அலுக்கவில்லையாம். இன்னொரு நாள் வந்த பெண் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: முதியோர் இல்லத்தில் ஒரு தாத்தாவுக்கு ஆப்பிள் கூழ் ஊட்ட வேண்டும், அவர் மூன்று தடவை அவள் கையிலேயே துப்பினார், கடிகாரத்தைப் பார்த்தாள், நாலு மணிக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. நாலாவது ஸ்பூனை விழுங்கினார். "அடுத்த வாரமும் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை" என்றாள். நான் வேறு எதுவும் கேட்கவில்லை. உங்கள் மகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் நீங்கள் இல்லை, அம்மா அப்பா கேட்டால் நல்ல பதில்தான் வரும். அவள் மதிக்கும் ஒரு சித்தியோ, பள்ளி ஆசிரியரோ கேட்கட்டும்.

என் தீர்ப்பைக் கேட்டால்: நீங்கள் சொன்ன எண்களுக்கு, நான் முதல் திட்டத்தின் பக்கம் சாய்வேன், இரண்டு நிபந்தனையோடு. மூன்று வருடப் பட்டப்படிப்பை, மகள் விரும்பினால், நான்கு வருடமாக நீட்டிக்க அனுமதிக்க வேண்டும். கணக்கை முழுப் பாடமாகப் படிக்க அவளுக்கு அந்த ஒரு வருடம் தேவைப்படும். ஸ்காலர்ஷிப் அந்த நாலாம் வருடத்துக்கும் தொடருமா என்பதும் அதில் அடக்கம். அப்புறம், அந்தக் கல்லூரியின் கணக்குத் துறை உருப்படியானதாக இருக்க வேண்டும், அதாவது மருத்துவம் இல்லை என்றாகிவிட்டாலும் அங்கேயே இருக்க அவளுக்கு மனசு வர வேண்டும். இரண்டுக்கும் "இல்லை" என்பதே பதிலானால், மூன்றாவதின் நிகரச் செலவு எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள், அது சமாளிக்கக்கூடிய தொகை என்றால் சொந்தக்காரர்கள் சொன்னது சரியாகிவிடும். எட்டு வருடத் திட்டம் நல்ல திட்டம்தான். 5.5 லட்சத்தை வீட்டை அடகு வைக்காமல் புரட்ட முடிகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

கல்லூரியிடம் கேட்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். கடந்த ஐந்து வருடத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் எம்.டி. முதல் வருடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்? ஜி.பி.ஏ. குறைந்தால் ஒரு செமஸ்டர் அவகாசம் உண்டா? முதல் திட்டத்தின் கடிதத்தில் எம்கேட் எழுத வேண்டும் என்று மட்டும் போட்டிருக்கிறது, குறைந்தபட்ச மதிப்பெண் உண்டா? வெளியே விண்ணப்பித்தால் இடம் போய்விடுமா? திட்டத்திலிருந்து விலகிய ஒரு மாணவரோடு பேச முடியுமா? கடைசிக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். சில அலுவலகங்கள் உடனே ஒருவரைக் காட்டும். சில அலுவலகங்கள் பிரசுரத்தை மறுபடி அனுப்பும்.

ஏப்ரல் 20க்குள் பதில் வந்துவிடுகிற மாதிரி இந்த வாரமே அனுப்புங்கள். அனுப்புங்கள் என்றது உங்களை இல்லை. அந்த மின்னஞ்சலை மகளே எழுதட்டும், அவள் பெயரில், அவள் வார்த்தையில். சி.சி.யில்கூட நீங்கள் வேண்டாம்.